நீலக் கூலரில் ஒரு மான் தலை

செவ்வாய்க்கிழமை அலுவலக வீடியோ மீட்டிங்கின் நடுவில் நண்பன் ரங்குவின் மனைவி செல்வி அழைத்தாள். "அவரு போயிட்டாருங்க, தூக்கத்துலயே" என்றாள். கேமராவை அணைத்தேன். பண்ணை வேலியைச் சரிபார்க்கப் போகலாம் என்று முதல் நாள்தான் பேசியிருந்தான், பாவி.

டாலஸை அடுத்த நம் ஃபிரிஸ்கோவில் உங்களில் பலருக்கு 'மான் ரங்கு' என்றால்தான் அவனைத் தெரியும். கணினி வேலையை விடாமலே, இரண்டு மணி நேரத் தொலைவில் நிலம் வாங்கி மான் வளர்த்தான். நான் கூட்டாளி. டெக்சாஸில் மான்கறி விற்பது லேசுப்பட்ட காரியமில்லை. இங்கே பலர் தாங்களே வேட்டையாடி ஃப்ரீசரை நிரப்பிக்கொள்கிறார்கள். உணவகங்களோ நியூசிலாந்திலிருந்து வரவழைக்கின்றன. டாலஸில் ஒரே ஒரு செஃப் எங்களை நம்பி வாங்கினார். கறி எப்படியிருக்கும் என்று அவர் கேட்டதற்கு, புரட்டாசி முடியட்டும், தின்றுவிட்டுச் சொல்கிறேன் என்றவன் ரங்கு.

போன வருடம் வேலியோரம் ஒரு பெண்மான் எலும்பும் தோலுமாகச் செத்துக் கிடந்தது. மான்களை மெலியவைத்துக் கொல்லும் நோயோ என்று எனக்குச் சந்தேகம். மூளையை அரிக்கும் அந்த நோய்க்கு மருந்து கிடையாது. ஒன்றுக்கு இருந்தால் அரசு அதிகாரிகள் மந்தையையே கொன்றுவிடச் சொல்வார்கள். சத்தமில்லாமல் புதைத்துவிடலாம் என்று கெஞ்சினேன், கத்தினேன், பைத்தியக்காரா என்று திட்டினேன். அவன் மூளையைச் சோதிப்பதற்காகத் தலையை வெட்டி, ஆளுக்கொரு பண்டம் கொண்டுவரும் பாட்லக் விருந்துக்கு மோர் கொண்டுபோகும் நீலக் கூலரில் ஐஸோடு வைத்து மூடினான். ஆய்வகத்துக்குக் கிளம்புமுன் செஃபுக்கும் போன் செய்து சொன்னான். அவர் அன்றே ஆர்டரை நிறுத்தினார்.

"தின்கறவங்களுக்கு நம்ம மூஞ்சி தெரியாது மாப்ளே. நாமதான் சொல்லணும்" என்றான் வண்டியில்.

முடிவு வரும்வரை அவன் பண்ணைக் கொட்டகையிலேயே படுத்தான். தண்ணீருக்கு வரும் ஒவ்வொரு மானின் நடையையும் பார்த்துக்கொண்டிருந்தான். நோயில்லை என்று வந்தது. செஃப் திரும்பி வரவில்லை. அதற்காக அவனை நான் மன்னிக்கவில்லை, அவனிடமே சொல்லியிருக்கிறேன்.

அவன் காரியம் முடிந்த மறுநாள் பண்ணைக்குப் போனேன். அதே வேலியோரம் இன்னொரு மான் செத்துக் கிடந்தது, அதே மெலிவு. அப்போதுதான் ஓர் உணவகம் வாங்க ஒப்புக்கொண்டிருந்தது. சுற்றிலும் ஆளில்லை. மண்வெட்டியைக் கையில் எடுத்தும்விட்டேன். இந்த முறை திட்டுவதற்குக்கூட எதிரில் அவன் இல்லை. மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கூலரைத் தேடி எடுத்தேன். உணவகத்துக்கும் போன் செய்தேன்.

அந்தக் கூலரைத் தூக்கியெறியச் சொல்கிறாள் செல்வி. மாட்டேன். அவனிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். ஆய்வக முடிவு இன்னும் வரவில்லை. நானும் இப்போது கொட்டகையில்தான் படுக்கிறேன்.