புஷ்பராணி அக்காவின் கை ஏன் பிந்தியது

காலை ஐந்தேமுக்காலுக்கு, மாசி என்கிற எங்கள் பகுதியில், என் வீட்டு வாசலில் அக்காவின் கார் வந்து நிற்கும். பதினொரு வருடமாக அப்படித்தான். அந்தத் திங்கட்கிழமை நான் சாப்பாட்டுப் பையோடு வாசலில் நின்றேன். ஆறு மணியாகியும் கார் வரவில்லை. அக்கா பிந்துகிற ஆள் இல்லை. எனக்கு அப்போதே பயம் பிடித்துவிட்டது. ஏன் பயந்தேன் என்பதைத்தான் இதில் எழுதப்போகிறேன்.

போன் அடித்தது. அக்காவின் மகன் செந்தூரன்.

"அன்ரி, வாசலிலையோ நிக்கிறீங்கள்?"

"ஓம் தம்பி. அம்மா வெளிக்கிட்டிட்டாவோ?"

"அம்மா இன்னும் எழும்பேல்லை அன்ரி."

"எழுப்பிவிடும் தம்பி, வேலைக்குப் பிந்தப்போகுது."

"எழுப்பினனான் அன்ரி" என்றார்.

அக்காவின் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிறோம், நீங்களும் நாலு வரி எழுதுங்கோ என்று செந்தூரன் கேட்டார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். தமிழ் மெதுவாக எழுதுவேன். இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது, எண்கள் தெரியும். நாலு வரியில் முடிகிற கதை இல்லை இது. அக்காவைத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் கொஞ்சம் பொறுமையாக வாசிக்க வேணும்.

அக்காவை நான் முதலில் கண்டது மவுண்ட் வெல்லிங்டனில், நாங்கள் வேலை செய்யும் பாண் சுடும் தொழிற்சாலையில். பாண் ஓடிவரும் பெல்ட்டை நிறுத்தும் சிவப்புப் பட்டனடியில் நிற்பதுதான் அவர் வேலை. நான் சேர்ந்து நாலாம் நாள், என் கையுறையின் நுனியை பெல்ட் இழுத்துவிட்டது. நான் கத்துவதற்கு முன் பெல்ட் நின்றுவிட்டது. அக்கா வந்து என் கையுறையைக் கழற்றிப் பார்த்தார்.

"எண்ணிப் பாரடி, அஞ்சும் இருக்கோ?"

"இருக்கு அக்கா."

"பிறகென்ன அழுகை? ஆறாவது முளைச்சா மட்டும் என்னட்டைச் சொல்லு."

அன்றிலிருந்து அவர் கையில் எனக்கு ஒரு நம்பிக்கை. என்னுடைய இந்த வலது கை அவர் தந்தது.

கூடைப்பந்துக்கு அவர் வந்தது ஒரு பிழையால். செந்தூரன் பள்ளிக்கூடத்தில் விளையாடிய காலம், மேசையில் இருந்து நேரம் பார்க்க ஒரு தாயோ தகப்பனோ வேணும் என்று கேட்டிருக்கிறார்கள். அக்கா யாழ்ப்பாணத்தில் படித்தபோது வலைப்பந்து விளையாடியவர்; அதில் பந்தோடு ஓடினால் பிழை. இதுவும் அதுதான் என்று நினைத்துக் கையைத் தூக்கிவிட்டார். மட்ச் தொடங்கி இரண்டு நிமிடத்தில் பக்கத்தில் இருந்தவரிடம், "பெடியங்கள் பந்தை நிலத்திலை அடிச்சுக்கொண்டு ஓடுறாங்கள், ஒருத்தரும் பிழை பிடிக்கேல்லையே" என்று கேட்டாராம். அந்தக் கதையைத் தானே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் விட்ட பிழையோடு நிற்கவில்லை. சட்டப் புத்தகத்தைப் படித்தார், சோதனை எழுதினார். மகன் விளையாட்டை விட்ட பிறகும் அவர் மேசையை விடவில்லை. கடைசி ஏழு வருடம் எங்கள் நகரத்தின் தொழில்முறைப் பெண்கள் அணிக்கு அவர்தான் நேரம் பார்த்தார்.

அந்த வேலையை எனக்கும் விளங்கப்படுத்தினார். நடுவர் விசில் ஊதினால் நேரத்தை நிறுத்த வேண்டும். உள்ளே எறிந்த பந்து ஒரு பிள்ளையின் கையில் பட்டவுடன் ஓடவிட வேண்டும். ஆள் மாற்றினால் ஹோர்ன் அடிக்க வேண்டும். "பத்து நிமிசம் எண்டு சொல்லிப்போட்டு அரை மணித்தியாலம் விளையாடுறாளவை" என்று நான் சொன்னால், "நிண்ட நேரத்தைக் கணக்கிலை சேர்க்கிறேல்லையடி" என்பார்.

அந்த அணி விளையாடும் அரங்கில் கிழமை முடிவில் கூட்டித் துடைக்கும் வேலையை எனக்கு எடுத்துத் தந்தவரும் அவர்தான். முதல் நாள் அந்த ஹோர்ன் அடித்தபோது நான் துடைப்பத்தைப் போட்டுவிட்டுக் கதிரைகளுக்குக் கீழே படுத்துவிட்டேன். நான் வன்னியிலிருந்து வந்தவள். இதற்கு மேல் எங்கள் ஆட்களுக்கு விளக்கம் தேவையில்லை. இடைவேளையில் அக்கா வந்து என் முதுகைத் தடவினார்.

"அது நானடி யோகா. என்ரை பெருவிரல். அந்தச் சத்தம் கேக்கேக்கை எல்லாம், அக்கா அங்கை இருக்கிறா எண்டு நினை."

அதற்குப் பிறகு ஹோர்னுக்கு நான் பயப்படவில்லை. இந்த வருடம் வரைக்கும்.

இந்த வருடம் எங்கள் பெண்கள் முதன்முறையாக பிளேஓஃப் என்கிற கடைசிச் சுற்றுகளுக்குப் போனார்கள். முதற்சுற்றில் மூன்று மட்ச். இரண்டை வென்றவர்கள் மேலே போகலாம், மற்றவர்களுக்கு அந்த வருடம் அதோடு முடிந்தது. முதல் மட்ச் ஞாயிற்றுக்கிழமை எங்கள் அரங்கில். தொடங்க அரை மணித்தியாலம் இருக்கும்போது நான் பெண்கள் கழிவறையைத் துடைக்கப் போனேன். அக்கா கொமோட்டை மூடி அதன்மேல் இருந்தார். உதடு நீலம். நெஞ்சில் கை. நாக்குக்குக் கீழே ஏதோ ஸ்பிரே மருந்தை அடித்துக்கொண்டிருந்தார்.

"கத்தாதை" என்றார். "இதயத்திலை ஒரு வால்வு ஒடுங்கிப்போச்சாம். ஒப்பரேசன் செய்யவேணுமாம். செந்தூரனுக்குச் சொல்லிப்போடாதை. அவன் அறிஞ்சா மேசைக்கு விடமாட்டான்."

"அக்கா, இதென்ன விசர்க்கதை? நான் சொல்லுவன்."

"மூண்டே மூண்டு மட்ச். ஏழு வரியம் இருந்திருக்கிறன் யோகா. முடிய நானே அவனுக்குச் சொல்லுறன்."

கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து என்னிடம் தந்தார். ஆஸ்பத்திரிக் கடிதம். வீட்டில் வைத்தால் மகன் கண்டுவிடுவான், நீ வைத்திரு என்றார். நான் மடித்து என் சட்டைக்குள் வைத்தேன். எனக்கு ஏன் தந்தார் என்று எனக்குத் தெரியும். நான் வாசிக்கமாட்டேன்.

அன்று முழுக்க நான் நடைபாதையில் நின்று ஹோர்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அடித்தால் அக்கா இருக்கிறார். நாலு நிமிடம் சத்தமில்லாவிட்டால் கதவிடுக்கால் போய்ப் பார்ப்பேன். மேசைக்குப் போடும் கறுப்புச் சட்டையோடு நிமிர்ந்து இருப்பார். அன்று எங்கள் பெண்கள் வென்றார்கள். சனம் ஆடியது. எனக்கு மடியில் நெருப்பு.

இரண்டாம் மட்ச் புதன்கிழமை, மற்ற அணியின் ஊரில். அக்காவுக்கு அன்று வேலை இல்லை. ரானுயியில் அவர் வீட்டில் இருந்து ரீவியில் பார்த்தோம். அங்கே விசில் ஊத, இங்கே அக்காவின் பெருவிரல் சோபாவின் கையை அமத்தும். நடுவில் தேத்தண்ணி போட எழுந்தவர் குசினி வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அந்த நேரம் செந்தூரன் வேலையால் வந்தார்.

"அம்மா, ஏன் இப்பிடி டயர்டா இருக்கிறியள்? ஆர் யூ ஓகே?"

அக்கா என்னைப் பார்த்தார். செந்தூரனும் என்னைப் பார்த்தார்.

"மட்ச் தோக்கப்போகுது தம்பி, அந்தக் கவலை" என்று நான் சொன்னேன்.

அது நான் சொன்ன பொய். அக்கா சொல்லச் சொன்னதல்ல.

அந்த மட்ச் தோற்றது. மூன்றாவது மட்ச், வெள்ளிக்கிழமை எங்கள் அரங்கில் என்றானது. வியாழன் காலை நான் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். எழுத்து விளங்கவில்லை. ஆனால் நடுவில் தடித்த எண்ணில் ஒரு திகதி இருந்தது. ஞாயிறு அரங்கின் கண்ணாடிக் கதவில் நான் கண்ட மட்ச் தாளிலும் அதே எண், அதே மாதம். மூன்றாம் மட்ச் நாள். கீழே ஏழு மணி என்று காலை நேரம்.

வேலைக்குப் போகும் வழியில், காரில் கேட்டேன். "அக்கா, நாளைக்கெல்லோ உங்களுக்கு ஆஸ்பத்திரி?"

"அது மாத்தியாச்சு."

"ஆரோடை கதைச்சனீங்கள்?"

"ஆஸ்பத்திரியோடைதான். ரோட்டைப் பார்க்க விடு யோகா."

இரண்டு பக்கமும் பெரிய லொறிகள். அவர் கை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தது. நான் மேலே கேட்கவில்லை. நம்பினேன் என்று சொல்லமாட்டேன். கேட்டால் என்ன பதில் வருமோ என்ற பயத்தில் வாயை மூடினேன்.

வெள்ளி மாலை அரங்கில் இருக்க இடமில்லை. முதல் பாதியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஹோர்ன் ஒவ்வொரு தடவையும் ஒரு மூச்சு பிந்தி அடித்தது. வேறு யாருக்கும் அது தெரிந்திருக்காது. நான் வாளியை விட்டுவிட்டு நடைபாதை முடிகிற இடத்துக்கு வந்து நின்றேன். பந்தைப் பார்க்கவில்லை. அக்காவைத்தான் பார்த்தேன். இடது கை நெஞ்சில், வலது கை பட்டனில்.

கடைசி நேரம். எங்கள் பெண்கள் ஒரு புள்ளி பின்னால். ஒரு செக்கனும் கொஞ்சமும் மிச்சம். பந்தை உள்ளே எறிந்தார்கள். எங்கள் பிள்ளை பிடித்தாள், திரும்பினாள், எறிந்தாள். பந்து கூடைக்குள் விழ ஹோர்ன் அடித்தது. சனம் முழுக்க எழும்பிவிட்டது. பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி கட்டிப்பிடித்து விழுகிறார்கள்.

அக்கா மட்டும் இருந்தபடி வலது கையைத் தூக்கினார்.

நடுவர் மேசைக்கு வந்தார். என்ன கதைத்தார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. அக்கா பிறகு சொன்னார். "பந்து அவளின்ரை கையிலை பட்டது. என்ரை கை வரேல்லை, நேரம் பிந்தித்தான் ஓடத் தொடங்கினது. அதைத்தான் சொன்னனான்." வீடியோவைப் போட்டுப் பார்த்தார்கள். புள்ளி இல்லை என்றார்கள். எங்கள் அணிக்கு வருடம் முடிந்தது. அந்தச் சனம் முழுக்க 'ஊ' என்று கத்தியது. அக்கா பேனைகளைப் பொறுக்கி வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார்.

கார் நிறுத்துமிடத்தில் எங்களோடு வேலை செய்யும் சுமதி மகளோடு நின்றார். தமிழ்நாட்டுப் பிள்ளை, மனதில் ஒன்றும் வைத்திருக்க மாட்டார்.

"என்னக்கா நீங்க! ரெஃப்ரியே கேக்கல, நீங்க ஏன் கையத் தூக்குனீங்க? சும்மா இருந்திருந்தா ஜெயிச்சிருப்போம்ல?"

"ஓம் பிள்ளை, வெண்டிருப்பம்" என்றார் அக்கா. "ஆனா அந்த நேரம் எங்கடை இல்லையே."

"என் பொண்ணு அழுவுறா பாருங்க."

அக்கா குனிந்து அந்தப் பிள்ளையிடம் இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டார். காரில் ஏறியதும், சாவியைப் போட முன் சொன்னார்.

"இனி நான் மேசைக்குப் போகேல்லை யோகா. பிந்துற கை அங்கை இருக்கக்கூடாது."

"செந்தூரனுக்கு இண்டைக்கே சொல்லுங்கோ அக்கா."

"சனி ஞாயிறு அவன் ஆறுதலா இருக்கட்டும். திங்கள் சொல்லுறன்."

திங்கள் எப்படி விடிந்தது என்று மேலே எழுதிவிட்டேன்.

செத்தவீட்டுக்கு வந்த இடத்திலும் இரண்டு பேர் பின்வரிசையில் கதைத்தது என் காதில் விழுந்தது. "கடைசி மட்ச்சிலை பிழை விட்டவ இவதானே?" ஓம், இவர்தான். ஏழு வருடத்தில் ஒரு நாள் மட்டும் பிந்திய கை. ஏன் பிந்தியது என்று தெரிந்தது எனக்கு மட்டும். அதைச் சொல்லாமல் விட்டால் அக்காவின் பெயருக்கு அந்தப் பிழை ஒட்டிக்கொண்டே இருக்கும். சொன்னால், நான் எதை மறைத்தேன் என்பதையும் சொல்லவேண்டி வரும். இவ்வளவு நாளாக இந்தப் பயத்தோடுதான் படுத்து எழும்புகிறேன்.

தம்பி செந்தூரன், நான் எழுதியதை நீர்தான் டைப் பண்ணப்போறீர். அதனால் எல்லாருக்கும் முதல் நீர்தான் இதை வாசிக்கிறீர். இந்த இடத்தில் நிறுத்திப்போடாதையும். கடிதத்தை இந்தத் தாள்களோடு சேர்த்துக் குத்தியிருக்கிறேன். திகதியை மாற்றியது உண்மையா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நீர் ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்துக் கேளும். என்ன சொன்னார்கள் என்று எனக்கும் சொல்லும். கேட்கப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லும். அன்று குசினி வாசலில் நீர் என்னைப் பார்த்தபோது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேணும். இனி எங்கடை வீட்டுப் படி ஏறாதேங்கோ என்று நீர் சொன்னாலும் நான் குறை நினைக்கமாட்டேன்.

தகன மண்டபத்தில் ஐயர் தேவாரம் பாடி முடித்தபின் எங்களைப் பின்னறைக்குக் கூட்டிப் போனார்கள். அக்காவுக்குக் கூறைச்சேலை உடுத்தியிருந்தார்கள். கறுப்புச் சட்டையை மடித்துக் காலடியில் நான்தான் வைத்தேன். இந்த நாட்டில் கொள்ளி வைக்கிறதும் ஒரு பட்டன்தான். சுவரில் இருந்தது. செந்தூரன் அதில் பெருவிரலை வைத்தார். வைத்தபடியே நின்றார். அமத்தவில்லை. தாயின் விரல் மாதிரியே இருந்தது, நகம்கூட. ஐயர் கையைக் கூப்பியபடி நின்றார். மண்டபத்து வெள்ளைக்காரரும் மணிக்கூட்டைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

பிந்தட்டும் தம்பி என்று நான் மனதுக்குள் சொன்னேன். எவ்வளவு வேணுமானாலும் பிந்தட்டும்.

போயிட்டு வாங்கோ அக்கா. என்ரை கையிலை அஞ்சும் இருக்கு.

யோகேஸ்வரி
மாசி