நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

மைதா மாவைத் தண்ணீரில் கரைத்து, கட்டி தட்டாமல் கிண்டிக்கொண்டே இருக்கிறார் பேராசிரியர் தெல்மா ஹார்க்னஸ். பதம் வந்ததும் ஆறவைத்து, பழைய தூரிகையால் புத்தகத்தின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஓரம் விடாமல் பூசி, எதிர்ப்பக்கத்தோடு சேர்த்து அழுத்துகிறார். பிறகு புத்தகத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறார். ஐந்து நிமிடம். எழுபத்து நாலு வயது உடம்பின் கனம் முழுவதும் அதற்குத் தேவைப்படுகிறது. அடியில் நசுங்குவது அவரே எழுதிய புத்தகம்.

இந்தப் பாலைவனத்துக்கு அவருக்கு முன்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் ஆண்கள். இங்குள்ள பூர்வகுடி ஆண்களிடம் போய்ப் பெண்களைப் பற்றி விசாரித்து, பெண்களுக்கென்று சடங்கு எதுவும் இல்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள். பெண்களைப் பற்றிப் பெண்களிடமே கேட்கலாமே என்று தெல்மாவுக்குத் தோன்றியது. இந்த எளிய யோசனைக்காக அவருக்கு இரண்டு விருதுகளும் ஒரு துறைத் தலைமையும் பல்கலைக்கழக நூலக மாடிப்படியில் ஓர் எண்ணெய் ஓவியமும் கிடைத்தன. ‘பெண்களின் உலகத்தைத் திறந்து காட்டியவர்’ என்று ஓவியத்தின் கீழே பொறித்திருக்கிறார்கள். இப்போது ஊர் ஊராகப் போய் மூடிக்கொண்டிருக்கிறார். அதே நூலகத்தில், அதே ஓவியத்துக்கு நேர் கீழே, பசைப் புட்டியோடு பிடிபட்டார். நூலக அட்டையைப் பறித்துக்கொண்டார்கள். ஓவியத்தைக் கழற்றவில்லை.

அந்தப் பக்கத்தில் என்னதான் இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். பெண்கள் மட்டும் பார்க்க வேண்டிய மணல் சித்திரம் ஒன்று. அதற்கு மேல் தெரியாது. நான் ஆண். பத்தொன்பது வருடமாக இந்தக் குடியிருப்பில் கடை வைத்திருக்கிறேன், மைதா நான்தான் தருகிறேன், அத்தோடு சரி. தெரிந்திருந்தாலும் எழுத மாட்டேன். படிப்பவர்களில் பாதிப் பேர் ஆண்கள். இது தெல்மாவுக்கும் அன்றைக்கே தெரியும். எழுதினார்.

ஒவ்வொரு குளிர்காலமும் ஒரு பழைய டொயோட்டாவில் வந்து சேர்வார். தரையில்தான் படுக்கை. கங்காரு வாலை நெருப்பில் சுட்டு, மயிர் சுரண்டித் தின்பதில் இங்குள்ளவர்களுக்குச் சளைத்தவர் இல்லை. நாற்பத்தைந்து வருடத்துக்கு முன்பே நக்கமாரா என்ற வகுப்புப் பெயரை அவருக்குக் கொடுத்துவிட்டார்கள். இங்கே எல்லோருக்கும் அப்படி ஒரு வகுப்பு உண்டு; பெயர் வந்தால் கூடவே உறவும் வந்துவிடும். அந்தக் கணக்கில் நபனங்கா வகுப்பைச் சேர்ந்த டாப்னி அவருக்கு அம்மா. அம்மா மகளைவிட ஆறு வயது சின்னவள். அதிகாரத்தில் மட்டும் குறைச்சல் இல்லை.

புத்தகத்தில் பெண்கள் எவருக்கும் பெயர் கிடையாது. தகவலாளி ஒன்று, தகவலாளி இரண்டு என்று எண்கள்தான். வெளியூர் ஆள் யாராவது வந்தால் டாப்னி கை நீட்டி, “நான் பதினொண்ணு” என்பாள். தெல்மாவுக்குக் கழுத்துவரை சிவக்கும். அந்தச் சிவப்பைப் பார்க்கவே அவள் அப்படிச் சொல்கிறாள் என்பது என் ஊகம்.

ஒருநாள் என் கடை வாசலில் உட்கார்ந்து டாப்னி கேட்பாருக்கெல்லாம் சொன்னாள்: “எழுதிக்கவான்னு கேட்டா. எழுதிக்கோன்னோம். மறதிக்காரி, மறக்காம இருக்க எழுதறான்னு நெனச்சோம். ஊருக்கெல்லாம் விப்பான்னு யாரு கண்டா?”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தெல்மா நிமிரவில்லை. “நீங்க அப்படித்தான் நெனச்சீங்கன்னு எனக்கு அப்பவே தெரியும்மா.”

முன்னுரையில் ‘முழு அனுமதியோடு’ என்று இருக்கிறது. அந்தப் பக்கத்தை அவர் இன்னும் ஒட்டவில்லை.

இப்போதைய சிக்கல் மருமகன். நக்கமாராக்களுக்கு ஜங்கலாக்கள் மருமகன் முறை. நம் ஊரில் அந்தக் காலத்து மாமியார் கதவுக்குப் பின்னால் நின்றாவது பேசுவார். இங்கே பேச்சே கிடையாது, முகத்தையும் பார்க்கக் கூடாது. எங்கள் ஊர்மன்றத் தலைவர் க்ளிஃப்டன் ஒரு ஜங்கலா. அவர் கடைக்குள் நுழைந்தால் ஓய்வுபெற்ற பேராசிரியர் ரொட்டி அடுக்குப் பக்கம் திரும்பி, அவர் போகிறவரை காலாவதித் தேதிகளைப் படித்துக்கொண்டிருப்பார். அந்த க்ளிஃப்டனிடம் ஒரு பிரதி இருப்பது போன வாரம் வெளியே வந்தது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் பழைய புத்தகக் கடையில் வாங்கியதாம். பத்து வருடமாக வீட்டில் இருக்கிறதாம்.

டாப்னி உடனே தீர்ப்பு சொல்லிவிட்டாள். “ஆம்பள கையில அது இருக்கறவரைக்கும் நீ ஆடுகளத்துப் பக்கம் வராத.” பெண்களின் சடங்கு ஆட்டம் சனிக்கிழமை. நாற்பத்தைந்து வருடத்தில் தெல்மா ஒரு குளிர்காலம்கூடத் தவறவிட்டதில்லை.

வெள்ளிக்கிழமை பகலில் என் கடை வாசலில் பேச்சுவார்த்தை நடந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், பெட்ரோல் பம்ப் அருகே க்ளிஃப்டன். இந்தப் பக்கம், கவிழ்த்த பால் கூடை மேல், சுவரைப் பார்த்தபடி தெல்மா. இருவரையும் பார்க்க முடிகிற மூலையில் டாப்னி. டாப்னிக்கு க்ளிஃப்டன் கிண்டல் உறவு. வாய்க்கு வந்ததைப் பேசலாம்.

“ஏ ஜங்கலா! ஒன் மாமியா புத்தகத்தக் கேக்கறா. ஒட்டிட்டுத் திருப்பித் தந்துடுவாளாம்.”

“முடியாதுன்னு சொல்லு.”

“முடியாதாம்” என்று சுவரின் இந்தப் பக்கம் அறிவித்துவிட்டு, டாப்னி மறுபடி அந்தப் பக்கம் பாய்ந்தாள். “ஏண்டா, பொம்பளைங்க காரியத்தப் பாத்து ரசிக்கறியா? வெக்கங்கெட்டவனே! ஒனக்கு மீசை வேற!”

“யாரு பாத்தா? வாய மூடு கெழவி!” க்ளிஃப்டனின் குரல் உயர்ந்து உடனே தணிந்தது. “எங்கம்மா படம் அதுல இருக்குன்னு பெரியம்மா சொன்னாங்க. ஒவ்வொரு பக்கமாப் பொரட்டினேன். வந்துச்சு. எதிர்ப்பக்கத்துல அது இருந்துச்சு. பட்டுனு மூடிட்டேன். பத்து வருசமாத் தொறக்கல.”

பம்பில் சாய்ந்தபடி அவரே தொடர்ந்தார்.

“அவ போனப்ப எனக்கு நாலு வயசு. மூஞ்சி ஞாபகமில்ல. அன்னிக்கி ஒரு செகண்டு பாத்தேன், சிரிச்சிக்கிட்டிருந்தா. ஒட்டுனா அவளையும் சேத்துல்ல ஒட்டிருவாங்க?”

நூற்றுப் பதின்மூன்றாம் பக்கம்: தகவலாளி ஆறு. மணலில் அந்தச் சித்திரத்தை விரலால் வரைந்து காட்டியவளே அவள்தான். நாலைந்து நாட்டு நூலகங்களில் தெல்மா அவள் முகத்தில் மைதா பூசிவிட்டு வந்திருக்கிறார்.

டாப்னி அந்தப் பக்கத்துப் பேச்சை இந்தப் பக்கம் சொல்லவில்லை.

தெல்மா சுவரிடம் சொல்வது போல மெல்லச் சொன்னார்: “கிழிச்சிடறேன்னு சொல்லுங்கம்மா. படம் தங்கிடும்.”

“கிழிக்கலாமா? அப்ப இத்தன வருசமா ஏன் கிழிக்காம ஒட்டிக்கிட்டுத் திரிஞ்ச?”

தெல்மா நகத்தில் ஒட்டியிருந்த மாவைச் சுரண்டினார்.

“மைதாப் பசை தண்ணி காட்டினாப் பிரிஞ்சிடும்மா.”

டாப்னிக்குப் புரிந்தது. எனக்கும் புரிந்தது. கல்லாவுக்குப் பின்னால் எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. என்றைக்காவது, யாராவது, ஆவி காட்டிப் பிரித்துப் படிக்கட்டும் என்று ஒரு நப்பாசையை ஒவ்வொரு பிரதியிலும் பத்திரமாக வைத்து ஒட்டியிருக்கிறார். டாப்னி திட்டவில்லை. அவள் திட்டாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

படம் தங்கும் என்பது அந்தப் பக்கமும் கேட்டிருக்க வேண்டும்; க்ளிஃப்டன் கையோடு கொண்டுவந்திருந்த புத்தகத்தைச் சுவர் முனையில் வைத்துவிட்டு விலகிப் போனார். டாப்னி அதை எடுத்து வந்து மகள் மடியில் போட்டாள். தெல்மா பக்கத்தைக் கண்டுபிடித்து, நகத்தால் மடிப்பை நீவி, மேலிருந்து கீழே ஒரே இழுப்பில் கிழித்தார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்; சத்தம் மட்டும் கேட்டது. டாப்னி தாளை நாலாக மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டாள்.

“நாளைக்குத் தண்ணி டிரம்ம நீ கொண்டா. ஆடுகளத்துக்கு வெளிய வெச்சிட்டுப் போயிடு.”

“சரிம்மா.”

அம்மா போய்விட்டாள். தெல்மா எழுந்து, பால் கூடைமேல் புத்தகத்தைத் திறந்து, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவருக்கு நேராகத் தெரியும்படி திருப்பி வைத்தார். காற்று உடனே தாளைப் புரட்டியது. மறுபடி திருப்பினார், மறுபடி புரட்டியது. கல்லைத் தேடிச் சுற்றுமுற்றும் பார்த்தார். சிவப்பு மணல்தான் இருந்தது. பெட்ரோல் பம்ப் பக்கமிருந்து பூட்ஸ் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. சட்டென்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, படத்தின் மேல் படாமல் பக்கத்தின் ஓரத்தில் வைத்தார். பிறகு சுவரைக் கையால் தடவிக்கொண்டே, பூட்ஸ் சத்தம் வராத திசையில் ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து நடந்து போனார்.