அருளம்மா பாடாத கடைசி அடி

மொன்றியல் நகரத்துச் செயின்ட்-மிஷேலில் ஒரு வீட்டின் வெளிப்புறமாக வளைந்து ஏறும் இரும்புப் படிக்கட்டு ஒன்று இருந்தது. பனிக்காலத்தில் அதில் ஏறி இறங்குபவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொள்வார்கள். 1986ஆம் ஆண்டு கடைசியில் மேல்மாடிக்குக் குடிவந்த அருளம்மாவுக்கு அந்தப் பயம் இருக்கவில்லை. கையில் பிடித்துக்கொள்ள அவளிடம் உயிர் எங்கே இருந்தது? அது களுவாஞ்சிக்குடியிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் வீதியில், பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்ட ஒரு பிள்ளையோடு போய்விட்டது.

அந்தப் பிள்ளையின் பெயர் அருமைநாதன். அவள் பெற்றது அவன் ஒருவனைத்தான். கைக்கடிகாரம் நின்றுபோய்விட்டது, டவுனில் கொடுத்துத் திருத்தவேண்டும் என்று புறப்பட்டான். வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே, "வாறன்மா" என்றான்.

"போய்ட்டு வா மனே" என்றாள் அவள்.

வழியில் படையினர் பஸ்ஸை மறித்தார்கள். இளைஞர்களை இறக்கினார்கள். மாலையில் பஸ் திரும்பி வந்தது, அருமை வரவில்லை. அதற்குப் பிறகு அவளும் கணவன் கதிர்காமத்தம்பியும் ஏறாத முகாம் வாசல் இல்லை. அப்படி ஒருவனை நாங்கள் காணவில்லை என்ற ஒரே பதில்தான் எல்லா வாசலிலும் கிடைத்தது.

மொன்றியலில் இருந்த தம்பி ஒருவன் கூப்பிட, கதிர்காமத்தம்பி மனைவியை ஏறக்குறைய இழுத்துக்கொண்டுதான் வந்தார். புறப்படும்போது வீட்டுச் சாவியை முன்கடைக்காரரிடம் கொடுத்து அவள் சொன்னாள்:

"அவன் வந்தா முதல்ல சோத்தக் குடுங்க. மறுகா எங்கட விசயத்தச் சொல்லுங்க. பசியோட கேட்டா தாங்கமாட்டான்."

கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மொன்றியலில் கதிர்காமத்தம்பிக்குத் துறைமுகப் பக்கத்துக் களஞ்சியம் ஒன்றில் பெட்டி ஏற்றும் வேலை. அருளம்மாவுக்குத் தையல் தொழிற்சாலையில் சட்டைக் கழுத்து தைக்கும் வேலை. மாலையில் வந்து உலையை வைத்துவிட்டு, அடுப்படியில் நின்று மெல்லிய குரலில் பாடுவாள்.

பாயை விரிச்சுவச்சேன்
படுக்க நீ வரயில்லயே
சோறும் ஆறிப்போச்சே
சுடச்சுடக் கேட்டவனே

ஊரிலே யார் வீட்டில் சாவு விழுந்தாலும் அருளம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். அவள் ஒப்பாரி வைத்தால் கல்லும் கரையும் என்பார்கள். அவள் பாடும் ஒப்பாரிக்குக் கடைசியில் ஓர் அடி உண்டு. புறப்படுகிறவரைப் பார்த்து நம்மவர்கள் "போ" என்று சொல்வதில்லை. கடைக்குப் போகிற பிள்ளைக்குக்கூட "போய்ட்டு வா" தான். ஒரே ஓர் இடத்தில் மட்டும் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லவேண்டும். பிரேதம் வாசல் படலையைத் தாண்டப்போகும் நேரத்தில், பெயரைச் சொல்லி, "போ ராசா, போ" என்று அருளம்மா குரலைத் தாழ்த்துவாள். அதைக் கேட்ட பிறகுதான் ஆண்கள் தோள் கொடுப்பார்கள்.

அடுப்படியில் அந்த அடியை மட்டும் அவள் பாடுவதே இல்லை. அதற்கு முன்னால் நிறுத்திவிடுவாள். பிறகு மூன்று சாப்பாட்டுக் கோப்பைகளில் சோறு போடுவாள்.

மூன்றாவது கோப்பையைப் பார்க்கும்போதெல்லாம் கதிர்காமத்தம்பி பேச்சை எடுப்பார்.

"இஞ்ச பாரு புள்ள. ரெண்டாவது வருசமும் ஆகப்போகுது. ஒரு அமுது குடுத்து அவன்ட ஆத்துமாவ ஆறுதலா அனுப்புவம். இப்பிடி நடுவழியில வச்சிருக்கிறது பாவமில்லையா?"

"வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவன்."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லிப்போட்டுப் போறது."

"என்ட புள்ள சொன்னா வருவான். உங்களப்போல இல்ல. சீனி வாங்கப் போனா ரெண்டு மணித்தியாலம் நிண்டு கதைச்சிப்போட்டு வாற ஆள் நீங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. இறந்தவர்களுக்குப் படைக்கும் அந்த அமுதைக் கொடுப்பதென்றால் அவள் அந்த அடியைப் பாடவேண்டும். பாடினால் அவள் வாயாலேயே மகனைச் சாகடித்ததாகிவிடும். இருவருக்கும் அது தெரியும். பேச்சு அந்த இடத்தில் நின்றுவிடும்.

ஒருநாள் மாலை அவள் முதலடியைப் பாடி முடிக்க, அதன் மெட்டு சமையலறைச் சுவருக்குள்ளிருந்து திரும்பி வந்தது. அருளம்மாவின் கையிலிருந்த அகப்பை நழுவி விழுந்தது.

கதிர்காமத்தம்பி வீட்டைச் சூடேற்றும் இரும்புக் குழாயில் காதை வைத்துக் கேட்டார். "பேயில்லகா. கீழ்வீட்டுக் கிழவன். பியானோவில உனக்குப் பின்பாட்டு வாசிக்கிறான்."

கீழ்வீட்டில் இருந்தவர் எமிலியன் லவெர்த்து. எண்பதை நெருங்கிய மனிதர். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. ஒரு காலத்தில் பியானோவுக்கும் ஒற்றைக் குரலுக்கும் பாட்டுகள் எழுதியவர். அவற்றை வானொலியில் பாடினார்கள், பிறகு மறந்துவிட்டார்கள். அவரும் எழுதுவதை விட்டு, பியானோவின் மேல் மருந்துப் போத்தல்களை அடுக்கி வைத்திருந்தார். மேலிருந்து குழாய்வழியாக இறங்கி வந்த அந்தக் குரல் அவருடைய போத்தல்களை அகற்ற வைத்தது.

அன்றிலிருந்து அவள் பாடப் பாட அவர் வாசித்தார். அவளுக்கு முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. அவள் ஓர் அடியை இழுத்தால் பியானோ காத்திருந்தது. அவள் விம்மினால் அது தாழ்ந்தது. ஒருவருக்கொருவர் "போன்ஜூர்" என்ற வணக்கத்தைத் தவிர ஒரு சொல் பேசியதில்லை. ஆனாலும் அந்தப் பெரிய நகரத்தில் அவளுடைய துக்கத்துக்குத் துணையாக இருந்த ஒரே சத்தம் அதுதான்.

ஒருநாள் கிழவர் அவள் நிறுத்திய இடத்தில் நிறுத்தவில்லை. தானாக ஒரு முடிவைச் சேர்த்து, கோயில் மணி மாதிரி ஓங்கி அடித்து முடித்தார். அருளம்மா பதறிப்போய் அகப்பையால் குழாயில் படபடவென்று அடித்தாள். கீழே பியானோ நின்றது. சற்று நேரத்தில் படிக்கட்டில் காலடி கேட்டது.

அன்றைக்கு நல்லவேளையாக றோசலின் வந்திருந்தாள். திருகோணமலைக்காரி, அருளம்மாவோடு ஒரே மேசையில் தைப்பவள், இங்கே வந்து வகுப்புக்குப் போய்ப் பிரெஞ்சு கற்றவள். கதவைத் திறந்தால், மூச்சிரைக்க, தொப்பி முழுக்கப் பனியோடு லவெர்த்து நின்றார்.

அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு றோசலின் திரும்பினாள். "அருளக்கா, பாட்டின்ர மிச்சம் எங்கை எண்டு கேக்கிறார்."

"மிச்சம் இல்லையாம் எண்டு சொல்லுகா."

"இருக்காம். ஒவ்வொரு நாளும் கடைசியில நீங்கள் மூச்சை இழுக்கிறது குழாயில கேக்குதாம். மூச்சை இழுத்துப்போட்டு ஏன் பாடாமல் விடுறியள் எண்டு கேக்கிறார்."

அருளம்மா கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். தன் புருசனுக்குக்கூடத் தெரியாத அந்த மூச்சு இந்த அந்நிய மனிதருக்கு எப்படித் தெரிந்தது?

அவள் சொன்னாள். அருமையைச் சொன்னாள், கைக்கடிகாரத்தைச் சொன்னாள், "வாறன்மா" என்றதைச் சொன்னாள், கடைசி அடியில் என்ன வரும் என்பதையும் சொன்னாள். மொழிபெயர்த்துக்கொண்டிருந்த றோசலினுக்குப் பாதியில் குரல் உடைந்துபோய், கண்ணைத் துடைத்துவிட்டுத் தொடரவேண்டியிருந்தது.

கிழவரின் தொப்பியிலிருந்த பனி உருகித் தரையில் சொட்டியது. பிறகு அவர் மெதுவாகப் பேசினார்.

"அவற்ர அண்ணை சண்டைக்குக் கப்பலில போனவராம்" என்றாள் றோசலின். "ஆளும் வரயில்லையாம், செத்ததெண்டு செய்தியும் வரயில்லையாம். பூசை வைப்பம் எண்டு வந்த பாதரைத் தாய் வாசலோட திருப்பி அனுப்பிப்போட்டாவாம். தான் சாகுமட்டும் மேசையில ஒரு கோப்பை வைச்சவவாம்."

லவெர்த்துவின் கண்கள் அடுப்படி மேசைக்குப் போயின. அங்கே மூன்று கோப்பைகள் இருந்தன. அவர் மூன்றாவதைத் தொடாமல் அதன் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

"இனிக் கேக்கமாட்டாராம் அக்கா. இந்தப் பாட்டை அந்த மூச்சு வரைக்கும்தான் எழுதுவாராம். அதுக்கு மேல ஒண்டும் வராதாம்."

அப்படித்தான் அந்தப் பாட்டு பிறந்தது. பிரெஞ்சுச் சொற்களை அவரே எழுதினார். சோறு அங்கே சூப்பாக மாறியிருந்தது. றோசலின் வாசித்துக் காட்டியபோது அருளம்மா, "சூப்பா? என்ட புள்ள காய்ச்சல் வருத்தம் வந்தாத்தானே சூப்புக் குடிப்பான்" என்று முகத்தைச் சுளித்தாள். பிறகு, பல மாதங்களுக்குப் பிறகு முதன்முறையாகச் சிரித்தாள்.

அடுத்த வருட மாசியில் ஒருநாள் அவள் பாடியபோது குழாய் பதில் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. கதிர்காமத்தம்பி இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரி கையால் காட்டினாள். அந்தக் கிழமைக்குள்ளேயே மனிதர் போய்விட்டார்.

பிரேதத்தை வைத்திருந்த சாவுச்சாலைக்கு அருளம்மாவும் கணவனும் றோசலினும் போனார்கள். கம்பளம் விரித்த அறை, மூலையில் கோப்பி. புரோசார்ட் புறநகரிலிருந்து வந்த, இன்னொரு சகோதரனின் மகனான பெறாமகன் ஒருவன் எல்லோருக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்தான். அவரிடம் முன்பு படித்த பாடகி, மதாம் கொலெத், பெட்டியருகே தலைகுனிந்து நின்றாள். எல்லோரும் தாழ்ந்த குரலில் வீதியில் கிடக்கும் பனியைப் பற்றிப் பேசினார்கள்.

"றோசலின், ஏன்கா ஒருத்தரும் அழயில்ல?"

"இஞ்ச அப்பிடித்தான் அக்கா. உள்ளுக்க அழுவினம்."

"உள்ளுக்க அழுதா அவருக்கு எப்பிடிக் கேக்கும்?"

பெறாமகன் பெட்டியை மூடச் சொல்லிச் சைகை காட்டினான். அருளம்மா ஓரடி முன்னே வைத்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல், ஒரு வாய்ச்சொல் இல்லாமல் அந்த மனிதரை அனுப்புவதா? அவளோடு தினமும் அழுதவருக்கு அழ ஆள் இல்லையா?

கதிர்காமத்தம்பி அவளுடைய கோட்டுக் கையைப் பிடித்தார். அதற்குள் அவள் முன்னே போய்விட்டாள். பெட்டியின் தலைமாட்டில் நின்று, நெஞ்சில் கைவைத்து, ஊரில் பாடிய அதே முழுக்குரலில் எடுத்தாள். கோப்பி குடித்தவர்கள் கோப்பையை வைத்துவிட்டார்கள். மூடியைத் தூக்கியவன் தூக்கியபடியே நின்றான். பனியில் படியேறி வந்த காலைப் பாடினாள், தொப்பியைப் பாடினாள், குழாய்க்குள்ளே வந்த விரலைப் பாடினாள். மதாம் கொலெத்தின் தோள்கள் குலுங்கத் தொடங்கின.

கடைசி அடி வந்தது. அருளம்மா மூச்சை இழுத்தாள். இரண்டு வருடமாக அவள் தாண்டாமல் திரும்பிவந்த இடம் அது. கதிர்காமத்தம்பி கண்ணை மூடிக்கொண்டார்.

"எமிலியன் ராசா... போ ராசா, போ."

குரல் தாழ்ந்து தரையைத் தொட்டது. மூடியை வைத்தார்கள்.

திரும்பி வரும்போது மெட்ரோவில் கதிர்காமத்தம்பி அவளுடைய குளிர்ந்த கையைத் தன் இரு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். "வாய் திறந்து சொல்லிப்போட்டாய் புள்ள. இனி அருமைக்கும் அமுது குடுப்பம். நானும் தகப்பன்தானே. என்னாலயும் ஏலாமக் கிடக்கு."

அவருடைய கன்னத்தில் நீர் வழிந்தது. அதைத் துடைத்தாள் அவள். "கீழ்வீட்டுக்காரர் என்னட்ட வாறன் எண்டு சொல்லயில்லையே" என்றாள்.

சித்திரையில், மாதாகோயில் மண்டபத்தில் லவெர்த்துவின் பழைய பாட்டுகளைப் பாட மதாம் கொலெத் ஏற்பாடு செய்தாள். அவருடைய கடைசிப் பாட்டையும் பாடப்போவதாகச் சொல்லி றோசலினோடு படியேறி வந்தாள். சாவுச்சாலையில் கேட்ட அந்த முடிவு தன் காதைவிட்டுப் போகவில்லை, அதையும் சேர்த்துப் பாடினால் பாட்டு முழுமையாகும், நீங்கள் உத்தரவு தரவேண்டும் என்று கேட்டாள்.

"உத்தரவக் குடு புள்ள" என்றார் கதிர்காமத்தம்பி. கெஞ்சுகிற குரல். "அவ பாடினா நீ பாடினதாகாதே. அவவே பாடி முடிக்கட்டும்."

அருளம்மாவுக்கு அது விளங்கியது. தான் சொல்லாமலே, இன்னொருத்தியின் வாயால், அந்நிய மொழியில் மகனை அனுப்பிவிடலாம். புருசனுக்கும் ஆறுதல் கிடைக்கும். அவள் அவருடைய நரைத்த தலையைப் பார்த்தாள். சுவரோடு ஓடிய குழாயைப் பார்த்தாள்.

"அந்த அடி கிழவருக்குக் குடுத்தது. அவரோட போயிற்று" என்றாள். "பாட்டு அருமையிட. அது அவன் வரத்தான் முடியும். நீங்க என்னோட கோவிக்காதீங்க."

அவர் எழுந்துபோய்ச் சட்டையை மாற்றாமலே படுத்துவிட்டார்.

கச்சேரி நாளில் மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் அருளம்மாவும் றோசலினும் இருந்தார்கள். கதிர்காமத்தம்பி வருவதாகச் சொல்லவில்லை. விளக்கை அணைத்த பிறகு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

பியானோ தொடங்கியது. தன் அடுப்படி அங்கே, அந்த மேடையில், ஒளிக்கு நடுவே இருப்பதை அருளம்மா கண்டாள். மதாம் கொலெத் பாயைப் பாடினாள், ஆறிப்போன சூப்பைப் பாடினாள். பியானோ காத்திருக்கவேண்டிய இடத்தில் காத்திருந்தது, விம்மவேண்டிய இடத்தில் விம்மியது. கடைசியில் அவள் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். பியானோக்காரரின் கைகள் கட்டைகளுக்கு மேலே நின்றன.

அவ்வளவுதான்.

யாரும் கைதட்டவில்லை. முடிந்ததா, இன்னும் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியவில்லை. அவ்வளவு பெரிய மண்டபத்தில் ஓர் இருமல்கூட இல்லை. அருமைநாதனை ஒருநாளும் கண்டிராத, அவன் பெயரைக்கூடக் கேட்டிராத அத்தனை பேரும் முன்னால் சாய்ந்து, மூச்சை அடக்கி, வரவேண்டிய ஒன்றுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

அருளம்மா மெல்லத் திரும்பி அவர்களைப் பார்த்தாள். இத்தனை நாளும் அவள் தனியாகத்தான் காத்திருந்தாள்.

பின்னால் யாரோ கைதட்டத் தொடங்கப்போனார். கதிர்காமத்தம்பி சட்டென்று கையை உயர்த்தி அவரைத் தடுத்தார். பிறகு அந்தக் கையை மனைவியின் கைமேல் வைத்தார்.

"இரி புள்ள" என்றார். "இன்னும் கொஞ்சம் பாப்பம்."