புத்தலப்பட்டு மாட்டு ரெய்டு

போன மாம்பழ சீசனில் என் அக்கா மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டு குடிபாலாவில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். புருஷனைப் பற்றிக் கவலையே இல்லை. "அந்தாளு கெடக்கட்டும். என் மாடு அங்க கீது. அது இல்லாம எனக்கு சோறு எறங்காது" என்றாள். கன்றிலிருந்து வளர்த்து, கல்யாணத்தில் தன்னோடு ஓட்டிக்கொண்டு போன மாடு. போன் போட்டுக் கேட்டதற்கு, "வேணும்னா அவளே வந்து கறக்கட்டும்" என்று மாமியார் போனை வைத்துவிட்டார்.

எங்கள் தாய்மாமன் மிலிட்டரியில் இருந்தவர். அங்கே துப்பாக்கியைவிடக் கரண்டியைத்தான் அதிகம் பிடித்தார் என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் போர் என்று வந்துவிட்டால் மனுஷனுக்குக் குரலே மாறிவிடும்.

"ரெய்டுன்னா இன்னா தெரியுமாடா? போனமா, தூக்கினமா, வந்தமான்னு இருக்கணும். எதிரி எடத்துல உக்காந்தா காலி."

திட்டமும் அவருடையதுதான். அக்கா புருஷன் மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் பழத்தோடு மல்லுக்கட்டும் நேரம். மாமியார் கண்ணயரும் மத்தியானம். நான் குட்டியானை வண்டியை ரோட்டைப் பார்த்து நிறுத்தி, மாடு ஏறினதும் பறக்கத் தயாராக இருக்க வேண்டும். சித்தூர் தாண்டும்போது டீ குடிக்கலாமா என்று கேட்டேன். "படை போறப்போ டீயா?" என்று முறைத்தார்.

புத்தலப்பட்டில் எல்லாம் சொன்னபடியே நடந்தது. மாமா கயிற்றை அவிழ்த்தும்விட்டார். அப்போது பின்னாலிருந்து மாமியாரின் குரல்.

"வாங்கண்ணா! இன்னா இந்த வெயில்ல? காலக் கழுவுங்க, களி கிளறிக்கினு கீறேன்."

கயிற்றைப் பிடித்தபடியே மாமா பல்லைக் காட்டினார். "இல்லம்மா, துன்ட்டுதான் வந்தோம்."

"சம்பந்தி வூட்ல கை நனைக்காம போவீங்களா? அப்ப உறவே வேணாம்னு சொல்ல வந்தீங்களா?"

எந்த மிலிட்டரியிலும் இதற்குப் பதில் சொல்லித் தருவதில்லை. எங்கள் பக்கம் பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டில் சாப்பிடாமல் திரும்பினால் உறவு அறுந்தது என்று அர்த்தம். அக்கா மாட்டைத்தான் கேட்டாள். வாழ்க்கையை அறுத்துக்கொண்டு வரச் சொல்லவில்லை. மாமா கயிற்றைப் பழையபடி கட்டினார். போய் உட்கார்ந்தார்.

உட்கார்ந்த பிறகுதான் கோழியையே பிடித்தார்கள். குழம்பு கொதித்து இறங்குவதற்குள் அக்கா புருஷனும் வேலையிலிருந்து வந்து, "இன்னும் ஒரு துண்டு போட்டுக்குங்க மாமா" என்று பக்கத்தில் நின்று பரிமாறினார். மாமாவும் போட்டுக்கொண்டார்.

கை கழுவும்போது மாமியாரே பேச்சை எடுத்தார். காலில் வீங்கிய இடத்தைக் காட்டினார். "ஒங்க வூட்டு மாடு எட்டி ஒதைக்குதுண்ணா. கறக்க வுடமாட்டுது. தாராளமா ஓட்டினு போங்க. ஆனா வண்டில தனியா நிக்காது, இவன் பின்னாடி நின்னு புடிச்சிக்கினு வரட்டும்." பிறகு மகனிடம், "மாத்துத் துணி எடுத்துக்கடா" என்றார்.

திரும்பும் வழியில் மாமா நிம்மதியாக ஏப்பம் விட்டார். "பாத்தியா, மாட்டோட ஒரு கைதியும் புடிச்சாந்துட்டோம்."

"கைதியா மாமா? அந்தம்மா அனுப்பின ஆளு மாதிரி கீது."

"வண்டிய ஓட்டுடா."

குடிபாலாவில் அக்கா ஓடிவந்து மாட்டின் முகத்தைத் தடவினாள், மடியைத் தொட்டுப் பார்த்தாள். வண்டிமேல் பையோடு நின்ற புருஷனை அதற்கப்புறம்தான் பார்த்தாள்.

"இந்த வெயில்ல தண்ணி காட்டாமலா இட்டாந்தே?"

"காட்டிட்டுதான் வந்தேன்."

"சரி, பைய உள்ள வெச்சிட்டு வந்து கயிறு புடி. கறக்கணும்."