செவ்வாய்க்கிழமைப் பிள்ளை

என் தம்பி மகன் பிறந்த நேரத்தைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். கடலூரில் ஆஸ்பத்திரி. தம்பி மனைவிக்கு மயக்கம் கொடுத்து ஆபரேஷன். தம்பி சுரங்கத்தில் ஷிப்டு முடித்துக் கம்மாபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான். நர்ஸ் பிள்ளையைக் கொண்டுவந்து காட்டியபோது சுவர்க் கடிகாரத்தில் மணி ஏழே கால். வெளியே நன்றாக இருட்டிவிட்டது. அன்று திங்கட்கிழமை.

தம்பி மனைவி மும்பை யூதப் பெண். கடல் உயிரியல் படிக்கப் பரங்கிப்பேட்டைக்கு வந்தவள், படிப்பு முடிந்தும் ஊர் திரும்பவில்லை. சிதம்பரத்தில் என் தம்பியோடு குடித்தனம் வைத்துவிட்டாள். ஆண் பிள்ளை பிறந்தால் எட்டாம் நாள் விருத்தசேதனம் என்று கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருந்தாள். "பாய் வீட்டு சுன்னத்து மாதிரியா?" என்று கேட்டேன். "வெட்டறது ஒண்ணுதான் அண்ணி. எங்களுக்கு எட்டாம் நாள்தான் கணக்கு" என்றாள். எனக்கு ஏன், எதற்கு என்று குடையாமல் சோறு இறங்காது. இருபது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்துகிறேன்.

இந்தச் சடங்கைச் செய்யப் பயிற்சி பெற்றவரை மோஹேல் என்கிறார்கள். மும்பையில் இருக்கும் அவருக்குத் தகவல் சொல்வது என் பொறுப்பு. ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்தே போன் செய்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, பிள்ளை பிறந்தது சூரியன் மறைவதற்கு முன்பா, பின்பா?

ஏன் என்று கேட்டேன். அவர்களுக்கு நாள் மாலையில் தொடங்குகிறதாம். இருட்டிய பிறகு பிறந்தால் செவ்வாய்க்கிழமைப் பிள்ளை. எட்டாம் நாளும் அடுத்த செவ்வாய்தான்.

செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டில் நகம்கூட வெட்டமாட்டோம். பச்சைப் பிள்ளை உடம்பில் கத்தி வைப்பதா? படித்த விலங்கியல் எல்லாம் எந்தப் பக்கம் போனதோ, "முன்னாடிதான், வெளிச்சம் இருந்தது" என்று சொல்லிவிட்டேன். ஒரு நாளில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது? தம்பி வந்ததும் அவனிடமும் ஆறு மணி என்றேன். ஆஸ்பத்திரிக் காகிதங்கள் என் பையில்தான் இருந்தன. எல்லாம் அடுத்த திங்களுக்கு ஏற்பாடாயிற்று.

ஞாயிறு சாயங்காலம் மோஹேலும் தம்பி மனைவியின் சித்தப்பாவும் சிதம்பரம் வந்து சேர்ந்தார்கள். மோஹேலுக்கு என்னைவிட வயது கம்மி. எங்கள் வீட்டுச் சமையல் அவர்கள் விதிப்படி ஆகாது, பழம் போதும் என்றார். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு ஒரு பண்ருட்டிப் பலாவோடு உட்கார்ந்தேன். சும்மா உட்கார முடியுமா? கடவுள் முழுசாகப் படைத்த உடம்பில் எதற்குக் கத்தி என்று ஆரம்பித்தேன்.

அவர் பலாவைக் காட்டினார். "இதைப் படைத்தது அவர். சுளை எடுப்பது நீங்கள். மனிதனுக்கும் கொஞ்சம் வேலை மிச்சம் வைத்தார் என்பது எங்கள் நம்பிக்கை. மனிதனே இன்னும் முடியாத வேலைதான்."

அந்த இடத்தில் ஏன்? வம்சம் அங்கிருந்து வருவதால். ஆபிரகாமோடு கடவுள் செய்த உடன்படிக்கை அவருக்குப்பின் வரும் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தானாம். ஏன் எட்டு? உலகம் படைத்து முடிய ஏழு நாள். எட்டாவது அதைத் தாண்டி வைக்கும் அடி. எனக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. அந்த ருசியில் கேட்டேன், ஒரு நாள் முன்னால் செய்தால்?

"தோலில் ஒரு வெட்டு, அவ்வளவுதான். உடன்படிக்கை ஆகாது."

கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். தம்பி மனைவி, போன வருஷம் இறந்துபோன அவள் அப்பாவின் பிரார்த்தனைச் சால்வையை மடித்துக்கொண்டிருந்தாள். "அப்பா இருந்திருந்தா சடங்குக்குப் பிள்ளைய அவரு மடியிலதான் வச்சிருப்போம். அதான் இல்லன்னு ஆயிடுச்சு. நாளாவது சரியா அமைஞ்சுதே அண்ணி, அது போதும்" என்றாள்.

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. ஏழே கால் மணி, இருட்டு, செவ்வாய், நகம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வெட்கத்தில் அழுகை வந்தது. அவள் கத்தவில்லை. "நாளைக்கு செஞ்சிருப்பாங்களே அண்ணி. கடைசி வரைக்கும் எனக்குத் தெரியாமலே போயிருக்குமே" என்று மட்டும் சொன்னாள். தம்பிதான் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தான். "வாத்தியாரம்மா வேலையா இது? ஏங்க்கா இப்படிப் பண்ண?"

விஷயம் தெரிந்ததும் மோஹேல் ஊர் திரும்பும் டிக்கெட்டை மாற்றினார். உலகைப் படைத்த மூன்றாம் நாள்தான் கடவுள் 'நல்லது' என்று இரண்டு முறை சொன்னாராம். அதனால், ஞாயிறிலிருந்து எண்ணினால் மூன்றாவதான செவ்வாய் அவர்களுக்கு இரட்டிப்பு நல்ல நாள். வேறு சமயமாக இருந்தால் பத்துக் கேள்வி கேட்டிருப்பேன்.

திங்கள் முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. செவ்வாய் காலை கூடத்தில் சித்தப்பா தன் மடியில் அந்தச் சால்வையை விரித்து உட்கார்ந்திருந்தார். தாயிடமிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு போக ஒரு பெண் வேண்டும். அது அவர்கள் வழக்கம். நான் சமையலறை வாசலில் ஒதுங்கி நின்றேன்.

"அண்ணி, இங்க வாங்க. அவன் எப்பப் பொறந்தான்னு பார்த்தவங்க நீங்கதானே. நீங்களே எடுத்துட்டுப் போங்க."

கையை நீட்டினேன். பிள்ளையைக் கொடுக்காமல் என் விரல்களையே பார்த்தாள்.

"நகம் இவ்ளோ நீளமா இருக்கே, பிள்ளையக் கீறிடும். வெட்டிட்டு வந்து வாங்கிக்குங்க."

அலமாரியிலிருந்து நகவெட்டியை எடுத்து, அவள் பார்க்கப் பத்து விரலையும் வெட்டினேன்.