உதகைக்குப் போய் வந்த குளிர் சட்டை

1995 டிசம்பர் பள்ளி விடுமுறையில் நானும் என் மனைவி பார்வதியும் உதகமண்டலம் போய் வந்தோம். சுபாங் விமான நிலையத்தில் விமானம் ஏறினோம் என்று கடப்பிதழ் முத்திரை சொல்கிறது. என்னைக் கேட்டால் பயணம் அதற்கு இரண்டு நாள் முன்பே, செலண்டாரில் லெட்சுமி அக்கா வீட்டு அலமாரியில் தொடங்கிவிட்டது என்பேன்.

மலேசியாவில் எங்கள் மலாக்காக்காரர்களிடம் குளிர் சட்டை இருக்காது. எதற்கு இருக்க வேண்டும்? புக்கிட் பெருவாங்கில் எங்கள் வீட்டில் மின்விசிறி நாள் முழுக்கச் சுற்றியும் முதுகு நனைந்துதான் கிடக்கிறது. ஆனால் பார்வதி பிறந்து வளர்ந்த செலண்டார் தோட்டத்தில் ஒரே ஒரு குளிர் சட்டை உண்டு. கத்தரிப்பூ நிறக் கம்பளி. ஐந்து வெள்ளைப் பொத்தான், ஆறாவது தொலைந்துபோய்க் கறுப்பு வைத்துத் தைத்தது. குளிரான ஊருக்குப் போகிற தோட்டத்துப் பெண்கள் எல்லோரும் அதைத்தான் இரவல் வாங்கிப் போவார்கள். நாங்களும் புக்கிட் பெருவாங்கிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் காரை, எங்கள் பேச்சில் காடியை, ஓட்டிக்கொண்டு அதற்காகவே போனோம்.

சட்டைக்குச் சொந்தக்காரர் லெட்சுமி அக்கா. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்குகிறார். கோயில் கமிட்டி கேமரன் மலைக்குப் பேருந்து ஏற்பாடு செய்தபோது அவர் கணவர் ஜாசின் பசார் மாலாமில், இரவுச் சந்தையில், அந்தச் சட்டையை வாங்கி வந்தார். புறப்பட இரண்டு வாரம் இருக்கையில் மாரடைப்பில் போய்விட்டார். அக்கா கேமரனுக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்க, சட்டையை மட்டும் கொடுத்தனுப்பினார். அன்றிலிருந்து ஒன்பது வருடமாக அது ஊர் சுற்றுகிறது. கேமரன், கெந்திங், பிரேசர் மலை, சபாவின் குண்டாசாங் வரை போயிருக்கிறது. அக்கா மட்டும் அதை ஒரு நாளும் போட்டதில்லை.

இரவலுக்கு அவர் கேட்பது ஒன்றே ஒன்று. சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு படம் எடுத்து வந்து கொடுக்க வேண்டும். அவற்றை ஒட்டி வைக்கவென்றே ஓர் ஆல்பம் வைத்திருக்கிறார்.

“இது இன்னும் இந்தியா பாக்கல பார்வதி. நல்லா குளிரான எடமா பாத்து நின்னு எடு லா. ஒம்மூஞ்சி சரியா விழலன்னாலும் பரவால்ல, சட்டை தெரியணும்,” என்றார்.

சென்னையில் ஒரு வெள்ளிக்கு, அதாவது மலேசிய ரிங்கிட்டுக்கு, பதின்மூன்று ரூபாய் கிடைத்தது. இரவு ரயிலில் மேட்டுப்பாளையம் வந்து, காலை ஏழரை மணி வாக்கில் மலை ரயில் ஏறினோம். உதகை வரை 46 கிலோமீட்டர். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டை ஒன்று கூடவே வருகிறது. எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. வேகத்தைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே மரியாதை. வழியில் இறங்கி, எஞ்சின் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் நாங்கள் தேநீர் குடித்து முடித்து ஏறிக்கொண்டோம்.

தேநீரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தேயிலை விளைகிற மலைக்கே போகிறோம், அங்கே தேநீர் தேவாமிர்தமாக இருக்கும் என்று நான் மலாக்காவிலிருந்தே கணக்குப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். முதல் கடையில் தூள், பாலோடு கொதித்துக் கொதித்துக் கறுத்துப் போயிருந்தது. நல்ல இலையெல்லாம் கப்பலேறிவிடும் போலிருக்கிறது. நானும் விடுவதாயில்லை. கண்ணில் பட்ட கடையிலெல்லாம் நின்று குடித்து, விலையையும் ருசியையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன். இந்தக் கிறுக்குத்தனம்தான் மறுநாள் எங்களைப் படாத பாடு படுத்தியது.

பகல் பன்னிரண்டரைக்கு உதகையில் இறங்கியபோது வாயைத் திறந்தால் புகை வந்தது. பார்வதி குளிர் சட்டையை மாட்டிக்கொண்டு ஆறு பொத்தானையும் போட்டாள். எனக்குப் போட ஒன்றுமில்லை. கடைத்தெருவில் திபெத்துக்காரர்கள் குளிர் சட்டைகளை மலைபோல் குவித்து, ஒன்று நூற்றைம்பது ரூபாய் என்று விற்றார்கள். நான் ஒன்று வாங்கினேன். பன்னிரண்டு வெள்ளிகூட ஆகவில்லை. தாவரவியல் பூங்காவையும் ஏரியையும் பார்த்து முடித்தோம். சட்டையைப் படம் எடுக்கலாமா என்று கேட்டதற்கு, இங்கே என்ன குளிர், நாளைக்குத் தொட்டபெட்டா உச்சியில் எடுத்துக்கொள்ளலாம் என்று பார்வதி சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஓர் அம்பாசிடர் பிடித்தோம். நாள் முழுவதற்கும் அறுநூறு ரூபாய். ஓட்டுநர் ரங்கசாமி, மேட்டுப்பாளையம் பக்கத்துக்காரர். உதகையிலிருந்து தொட்டபெட்டா பத்துக் கிலோமீட்டர். நீலகிரியின் மிக உயர்ந்த சிகரம் என்று பலகை சொன்னது. பலகையைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. பனிமூட்டத்தில் இரண்டடி தள்ளி நின்ற பார்வதியையே குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

“இப்ப எடுத்தீங்கன்னா வெள்ளைக் காகிதந்தானுங்க வரும். குன்னூரு போய்ட்டு சாயங்காலமா வரலாமுங்க, தெளிஞ்சிரும்,” என்றார் ரங்கசாமி.

குன்னூர் 19 கிலோமீட்டர். பத்து மணிக்குச் சிம்ஸ் பூங்காவுக்குள் நுழைந்ததும் வெயில் எட்டிப் பார்த்தது. சென்னையில் வாங்கிய புதுப் பட்டுச் சேலையில் ஒரு படமாவது வேண்டும் என்று பார்வதி குளிர் சட்டையைக் கழற்றி என் தோளில் போட்டாள். நானும் நான்கைந்து எடுத்தேன். பிறகு டால்பின் நோஸ் போகும் வழியில் என் தேநீர் ஆராய்ச்சி தொடர்ந்தது. பூங்கா வாசலில் ஒரு கடை, லாம்ஸ் ராக் பிரிவில் ஒரு கடை, அதற்கும் மேலே தேயிலைக்கு நடுவில் தகரம் போட்ட ஒரு கடை. அந்த மூன்றாவது கடையில் ஒரு பெண் இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுத்த தேநீருக்குத்தான் முதன்முறையாக என் புத்தகத்தில் ‘நன்று’ என்று எழுதினேன். ஒரு குவளை இரண்டு ரூபாய்.

டால்பின் நோஸ் பாறை நுனியில் நின்றால் எதிர்மலையில் கேத்தரின் அருவி வெள்ளை நூலாகத் தொங்குகிறது. ஆளைத் தள்ளும் காற்று. பார்வதி அருவியிலிருந்து கண்ணை எடுக்காமல் என் பக்கம் கையை நீட்டி, சட்டையைக் கொடுங்கள் என்றாள். என் தோளில் சட்டை இல்லை.

காடியின் இருக்கைக்கு அடியில் தேடினோம், பின்பெட்டியைத் திறந்து தேடினோம். தேநீர் குடிக்கும்போது எழுத இடைஞ்சலாக இருக்கிறதென்று அதை உட்காரும் பலகையில் வைத்தது நினைவுக்கு வந்தது. எந்தக் கடையின் பலகை என்பது மட்டும் வரவில்லை. மறுநாள் காலை நாங்கள் மலை இறங்க வேண்டும். ரங்கசாமி வண்டியைத் திருப்பினார்.

தகரக் கடைதான் முதலில் வந்தது. பூட்டியிருந்தது. லாம்ஸ் ராக் பிரிவுக்காரர் பலகையையே தூக்கிக் காட்டினார். இருபத்திரண்டு கிலோமீட்டர் போக வர ஆகும் என்று தெரிந்தும் பூங்கா வாசல் வரை போனோம். அங்கே இருந்தவர், மலேசியாவா என்று ஆசையாக விசாரித்தாரே தவிரச் சட்டையைப் பார்க்கவில்லை.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். உதகைக் கடைத்தெருவில் அதே நிறத்தில் தேடினால் கிடைக்கும், ஒரு பொத்தானைக் கறுப்பாக மாற்றிவிட்டால் யாருக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

பார்வதி கத்தவில்லை. “அக்கா வாங்கிக்குவாங்க. ஒண்ணும் கேக்க மாட்டாங்க. தெனமும் அத எடுத்து மடிச்சு வப்பாங்களே, அப்ப நம்ம செஞ்சது நமக்குத் தெரியுமில்ல?” என்றாள்.

அதன்பிறகு எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது. பூட்டிய கடைக்கே திரும்பினோம். அப்போது மணி மூன்று. கடைக்கார அம்மா பேர் மாரியாயி என்றும், மத்தியானத்துக்கு மேல் கொழுந்து எடுக்கப் போய்விடுவார் என்றும் சாலையில் விறகு கட்டிக்கொண்டிருந்தவர் சொல்லி, தேயிலைக்குள் இறங்கும் ஒற்றையடிப் பாதையைக் காட்டினார். பட்டுச் சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு பார்வதி எனக்கு முன்னால் இறங்கினாள். நான் இரண்டு முறை வழுக்கினேன்.

நாலாவது வளைவில் அந்த அம்மா கூடையோடு மேலே ஏறி வந்தார். உடம்பில் கத்தரிப்பூ நிறம். ஐந்து வெள்ளைப் பொத்தான், ஒரு கறுப்பு.

எங்களைப் பார்த்ததும் கூடையை இறக்கிவிட்டு அவசரமாகப் பொத்தானை அவிழ்க்கப் போனார். “தப்பா நெனைச்சுக்காதீங்க. ஆணியில மாட்டி வச்சா போறவங்க வர்றவங்க எடுத்துட்டுப் போயிருவாங்க. மேல போட்டிருந்தா ஒருத்தரும் கேக்க மாட்டாங்கன்னுதான் போட்டேன். நீங்க தேடி வருவீங்கன்னு தெரியும்.”

பார்வதி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “கழட்டாதீங்கக்கா. கொஞ்ச நேரம் இருக்கட்டும்.”

பாதையோரக் கல்லில் மூவரும் உட்கார்ந்தோம். மாரியாயி பிறந்தது இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில். இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் குடும்பத்தோடு இந்தியா வந்து, இந்த மலையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். அவர் குடியிருப்பு வரிசையை லயம் என்றார், மேலாளரைத் துரை என்றார், காலையில் ஆள் கணக்கெடுப்பதைப் பெரட்டு என்றார். எல்லாம் செலண்டாரில் நாங்கள் புழங்குகிற வார்த்தைகள். கொழுந்து எத்தனை கிலோ, நிறுவையில் எவ்வளவு கழிப்பார்கள், அட்டை கடித்தால் என்ன பூசுவீர்கள் என்று பார்வதி கேட்டுக்கொண்டே இருந்தாள். செம்பனைக் குலை எப்படி வெட்டுவார்கள் என்று அவர் கேட்டார். எட்டு இடம் பார்த்தோம் அந்த இரண்டு நாளில். என் புத்தகத்தில் அதிகப் பக்கம் பிடித்தது அந்தக் கல்தான்.

எழுந்தபோது மலை பளிச்சென்று தெளிந்திருந்தது. அடுக்கடுக்கான தேயிலைச் சரிவுக்கு முன்னால் மாரியாயி நின்றார். சட்டை அவருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. பார்வதிக்கு அது எப்போதுமே தொளதொளப்புதான். எடுங்கள் என்று பார்வதி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். எடுத்தேன். பிறகுதான் அவர் அதைக் கழற்றி, மடித்துக் கொடுத்தார்.

தொட்டபெட்டாவுக்குத் திரும்பியபோது மறுபடியும் மூட்டம். மறுநாள் ரயிலில் இறங்கும்போதுதான் உறைத்தது, பார்வதி அந்தச் சட்டையில் இருக்கிற படம் ஒன்றுகூட இல்லை. அக்கா கேட்ட ஒரே ஒரு படத்தில் முன்பின் தெரியாத ஒருவர் நிற்கிறார். யாருக்கோ எப்படிப் போடக் கொடுத்தீர்கள் என்று அக்கா கேட்டால் என்ன சொல்வது என்று மேட்டுப்பாளையம் வரை யோசித்துக்கொண்டே வந்தோம்.

ஊர் திரும்பிய இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணிக்குச் செலண்டார் போனோம். உதகையில் தார்ச்சாலைகூடச் சில்லென்றிருந்தது. இங்கே காடியின் கதவைத் தொட்டால் கை சுட்டது. படங்களைக் கையில் வாங்கிய அக்கா ஏரி, பூங்கா, பட்டுச் சேலை எல்லாவற்றையும் மளமளவென்று தள்ளிக்கொண்டே வந்து மாரியாயி படத்தில் நின்றார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னோம். தொலைத்தது நான் என்பதையும் சொன்னேன்.

“இந்த அக்காவுக்கு என்ன வயசிருக்கும்?”

“ஒங்க வயசுதான் இருக்கும்கா,” என்றாள் பார்வதி.

“கைநீளம்கூட சரியாத்தான் இருக்கு.”

ஆல்பத்தை எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மடியிலிருந்த சட்டையை விரித்தார். எழுந்து அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்று, ஒரு கையை நுழைத்தார், மறு கையை நுழைத்தார். ஆறு பொத்தானையும் கீழிருந்து மேலாகப் போட்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது. ஒன்பது வருடமாக எத்தனை பேர் வந்து சட்டையைக் கேட்டிருப்போம். நீங்களும் வாருங்கள் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

நெற்றியிலிருந்து வியர்வை ஒழுகிற்று. அவிழ்த்துவிடுங்கள், வேர்க்கிறது என்றாள் பார்வதி.

“இருக்கட்டும் லா,” என்றவர், கண்ணாடியைப் பார்த்தபடியே என்னைக் கேட்டார். “தம்பி, கேமரனுக்கு பஸ்ஸு ஜாசின்லயே கெடைக்குமா, மலாக்கா போயி ஏறணுமா?”

மலாக்காவில்தான் ஏற வேண்டும், நாங்களும் வருகிறோம் என்றேன். தேநீர் போட்டுக் கொடுத்து, நாங்கள் குடித்து முடித்து, காடி வரை வந்து வழியனுப்புகிற வரையில் அவர் ஒரு பொத்தானைக்கூட அவிழ்க்கவில்லை.