எந்த ராமாயி?

படிக்கட்டில் கால் வைத்ததுமே புதுத் துணி வாசனை வரும்...

பதுளை பஸாரில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடிதான் எங்கள் ஒஃபீஸ். 2000களின் நடுப்பகுதி. பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருவேன். குடையிலிருந்து தண்ணீர் சொட்டி முடிவதற்குள் கம்ப்யூட்டரைப் போட்டுவிடுவேன்.

டவுனில் ஒரு டிஸ்பென்சரிக்கு நோயாளர்களைப் பதியும் ப்ரோக்ராம் செய்துகொண்டிருந்தோம். எழுதியவர் எங்கள் ஒஃபீஸை நடத்திய சேர். யாழ்ப்பாணத்துக்காரர், அதட்டிப் பேசாதவர். சோதித்துப் பார்ப்பது என் வேலை.

அதற்குச் சோதனைகளைத் தானாக ஓட்டும் ஒரு டெஸ்டிங் டூல்கிட் இருந்தது. எல்லோரும் அதைத் தனியே வைத்துக்கொண்டு ப்ரோக்ராமை மட்டும் கொடுப்பார்கள். சேர் அதை ப்ரோக்ராமுக்குள்ளேயே வைத்தார்.

"ஒவ்வொரு நாளும் அங்க போய்ப் பாக்க எங்களிட்ட ஆக்கள் இல்லைப் பிள்ளை. அது தன்னைத் தானே பாத்துக்கொள்ளட்டும்."

காலையில் திறந்ததும் முதலில் சோதனைகள் ஓடும். எல்லாம் சரியென்றால் இளங்கொழுந்து நிறத்தில் ஒரு கோடு. ஒன்று பிழையானாலும் சிவப்பு... ப்ரோக்ராம் திறக்காது.

எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து கெம்பஸ் போய்ப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். ஆனாலும் சேருக்கு முன்னால் "சரி சேர்" தவிர வேறு வார்த்தை வராது.

ஒருநாள் பின்னேரம் அம்மா படியேறி வந்தார். காய்ச்சல் என்று அதே டிஸ்பென்சரிக்குப் போயிருந்தார். கையில் மாத்திரைப் பைக்கற்.

"ஏன்டி, எனக்கு எப்ப சீனி வருத்தம் வந்துச்சு? இத தெனமும் போடச் சொல்றாங்க."

பைக்கற்றிலிருந்த பெயரைப் பார்த்ததும் விளங்கியது. அம்மா பெயர் ராமாயி. எங்கள் லயத்துக் கடைசி வீட்டிலும் ஒரு ராமாயி... நீரிழிவு அவருக்குத்தான். ஒரே பெயர், ஒரே தோட்ட முகவரி. ப்ரோக்ராம் இருவரையும் ஓர் ஆளாக்கியிருந்தது.

"போட்டுட்டீங்களா?"

"எனக்கென்ன பைத்தியமா? ஒன்னக் கேக்காம போடுவனா?"

அம்மாவை ஸ்டூலில் உட்கார வைத்தேன். சேர் அடுத்த மேசையில்தான் இருந்தார். எழுந்து போனேன்... திரும்பி வந்தேன். பெயரும் முகவரியும் ஒன்றென்றால் ஒரே ஆள் என்ற அந்த வரியை எழுதியது அவர். எப்படிச் சொல்வது?

உட்கார்ந்து ஒரு சோதனை எழுதினேன். இரண்டு ராமாயி, ஒரே முகவரி, இருவரும் தனித்தனியாக இருக்க வேண்டும். அதை அவருடைய கம்ப்யூட்டருக்கு அனுப்பி, "சேர், ஒருக்கா திறந்து பாருங்க" என்று மட்டும் சொன்னேன்.

சிவப்பு.

"ஆர் பிள்ளை இதைப் போட்டது? ரெண்டு பேர் ஒரே பேரில, ஒரே லயத்தில... உப்பிடியும் நடக்குமோ?"

"நடக்கும் சேர்." என் குரல் எனக்கே கேட்கவில்லை. "ஒரு ராமாயி அந்தா ஒக்காந்திருக்காங்க. எங்கம்மா."

சேர் அம்மாவைப் பார்த்தார். மாத்திரைப் பைக்கற்றை வாங்கிப் பார்த்தார். பிறகு டிஸ்பென்சரிக்கு ஃபோன் எடுத்தார். "அந்த மெஷினை இப்பவே நிப்பாட்டுங்கோ. நாங்கள் சொல்லும்வரைக்கும் கையால எழுதுங்கோ."

வைத்துவிட்டு அம்மாவிடம் கேட்டார். "லயத்தில உங்களை எப்பிடியம்மா பிரிச்சுச் சொல்லுறவை?"

"எந்த ராமாயின்னு கேப்பாங்க சேர். புள்ள கெம்பஸ் போன ராமாயின்னா நானு."

சேர் சிரித்துவிட்டார். அடுத்த வாரம் முதல், ஒரே பெயர் வந்தால் ப்ரோக்ராம் நின்று கேட்டது: எந்த ராமாயி? கீழே தகப்பன் பெயரும் வயதும்.

இப்போது கொழும்பில் வேலை. சோதனைகள் எங்கோ ஒரு சர்வரில் ஓடுகின்றன. யாராவது டூல்கிட்டை ப்ரோக்ராமுக்குள் வைத்தால் நானே எடுக்கச் சொல்வேன். அதுதான் முறை. ஆனாலும் அந்தப் பச்சைக் கோட்டுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த காலைகள்...

போன மாதம் அம்மாவை இங்கே ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அடையாள அட்டை நம்பரைத் தட்டினார்கள், மருந்து வந்தது. அம்மா மெதுவாகக் கேட்டார்.

"எந்த ராமாயின்னு கேக்கவே இல்லையே?"

"நம்பர் இருக்கும்மா. அது போதும்."

தலையாட்டினார். ஆனாலும் பைக்கற்றை என்னிடம் நீட்டினார்.

"எதுக்கும் நீ ஒருக்கா பாத்துரு."